மூன்றாவது கட்டம்: எழுப்பியது

ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடை ஆஸ்பத்திரி லாக்கரில். நனைந்துகொண்டே ஈஜிபுரா வீட்டுக்கு நடை.

டாக்டர் உத்தரவு: இரண்டு வாரம் தூக்கத்தை எழுதி வை. மருந்து கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டயரி. ஆறு மாதமாக ஆடுகிற பீரோவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உருவி எடுத்தாயிற்று. மூன்று கட்டம் போடச் சொன்னார். படுத்தது, எழுந்தது, எழுப்பியது. கட்டம் அவருக்கு. மீதி பக்கம் எனக்கு.

பி.பி. 152/98. வயது முப்பத்தாறு. "வசந்தி, நீ தூங்கினாலும் உன் காது தூங்காது. சத்தம் வந்தா உடம்பு ஓடறதுக்கு ரெடியாகும். நீ எழுந்திருக்கலேன்னாலும் உன் பி.பி. எழுந்துக்கும்" என்றார். எட்டு வருடமாக ஐசியு நர்ஸ். இதை நான் நோயாளிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலாம் பெட். மருந்து ஏற்றும் பம்ப் கத்தியது. மருந்து தீரப்போகிறது, மாற்று என்று அர்த்தம். நான் போய் அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மருந்தை மாற்றவில்லை. எழுந்து போனதே நினைவில்லை. கூட இருந்த ஷீபா, சின்னப் பெண், அவள்தான் பார்த்து மாற்றினாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

இன்சார்ஜ் மேடம் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வாரம் டைம் தர்றேன். தூக்கமும் பி.பி.யும் சரியாகலைன்னா ஐசியு வேணாம். ஜெனரல் வார்டு, டே டியூட்டி."

வார்டு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஐசியுவில்தான் நான் கெட்டிக்காரி. வேறு எங்கேயும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

படுத்தது 10.10.
எழுந்தது / எழுப்பியது:
10.50 டைல்ஸ் வெட்டும் மிஷின், பக்கத்துக் கட்டடம்.
11.30 தள்ளுவண்டி ஸ்பீக்கர். "ஈருள்ளி, ஈருள்ளி". வெங்காயம் வேண்டாம் சாமி.
12.15 காங்கிரீட் மிக்சர்.
1.40 லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் சங்கீதம்.
மொத்தம் இரண்டே முக்கால் மணி.

ஜூலை 7, செவ்வாய்

மேகம், மழை இல்லை. படுத்தது 10.00. எழுந்தது 10.35. டைல்ஸ்.

பொறுக்க முடியாமல் நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். இருபதுக்கு முப்பது மனையில் ஐந்து மாடி எழுப்புகிறார்கள். நம் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் அவர்கள் செங்கல். மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கம். மரியாதையான ஆள். சண்டை போடவே விடவில்லை.

"அக்கா, நைட்ல வேல செஞ்சா போலீஸ் வருது. பகல்ல செஞ்சா நீங்க வர்றீங்க. நான் எப்பதான் கட்டுறது?"

திரும்பினேன். வாசலில் நம் வீட்டு ஓனரம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஹகலு யாரம்மா நித்தே மாடோது?" பகலில் யார் தூங்குவார்களாம். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் ராத்திரி முழிக்கிற நாங்கள்தான் என்று கன்னடத்தில் நன்றாகவே சொல்ல வரும் எனக்கு. வாடகை வீடு. சிரித்துவிட்டு மேலே வந்தேன்.

மறுபடி படுத்தது 11.20. எழுந்தது 12.05. ட்ரில்லிங். மொத்தம் ஒன்றேகால் மணி சொச்சம்.

ஜூலை 8, புதன்

வெளியே நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. வீட்டுக்குள் நான் வைத்ததுதான் சட்டம். பெருமையாகவே எழுதுகிறேன்:

குக்கர் மூன்று மணிக்கு முன் விசில் அடிக்காது.
காலிங் பெல் வயர் பிடுங்கியாயிற்று.
டிவி பார்க்கலாம், கேட்கக் கூடாது.
என் பெண் யசோவின் விளையாட்டுச் சாமான் எல்லாம் துணி, பஞ்சு. பிளாஸ்டிக் பாத்திரம் பரணில்.
நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ்.

குண்டூசி விழுந்தால் கேட்கும். கேட்டால் யார் போட்டது என்று நான் கேட்பேன்.

எங்கள் வண்டி ஓடுகிற விதம்: ராத்திரி நான் ஆஸ்பத்திரி, கௌதம் யசோவுடன் வீட்டில். காலை அவளை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு அவர் ஆட்டோ எடுப்பார். பன்னிரண்டரைக்குக் கூட்டி வந்து சோறு ஊட்டி, நான் எழுந்திருக்கும் மூன்று மணி வரை வீட்டில். பிறகு ஏழு வரை மறுபடி ஆட்டோ. இதனால்தான் நானே கேட்டு நிரந்தர நைட் வாங்கினேன்.

அந்த இரண்டரை மணி நேரம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது கையால்தான். கௌதமுக்கு அது பழக்கம். கோலார் தங்கவயலில் அவர் அப்பா சுரங்கத்தில் டிரில்லிங் மிஷின் பிடித்தவர். கீழே மிஷின் ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது, கைதான் பேசும். நாற்பதைத் தாண்டும்போது மேலே வந்தும் காது கேட்காமல் போயிற்று. வீடு முழுக்கக் கையால் பேசக் கற்றுக்கொண்டது. கல்யாணமான புதிதில் நான் சிரித்திருக்கிறேன். இப்போது அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

யசோவின் அகராதி: வாயருகே இரண்டு விரல், தண்ணீர். வயிற்றில் உள்ளங்கை, பசி. இரண்டு தட்டு, பாத்ரூம். மூக்கைத் தொட்டால் அப்பா. கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தால் அம்மா.

தூங்குகிற மாதிரி. போக்கிரி. முதலில் பார்த்தபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

படுத்தது 10.15. மொத்தம் மூன்று மணி. வீட்டுச் சத்தம் பூஜ்யம். தெருச் சத்தம் ஐந்து.

ஜூலை 9, வியாழன்

காதில் அடைத்துக்கொள்ளும் பஞ்சு வாங்கினேன். அடைத்தால் வெளிச் சத்தம் பாதி. உள்ளே என் நெஞ்சடிப்பு முழுசாக. நிமிடத்துக்கு 92. எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். நர்ஸாக இருப்பதில் இது ஒரு தொல்லை.

1.20க்கு லாரி ரிவர்ஸ். நான் எழுந்து சுவரைத் தடவியிருக்கிறேன். பம்ப் பொத்தானைத் தேடி. கண் திறந்தால் கையடியில் காலண்டர் ஆணி. கதவருகே யசோ நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிஃபாரம் கழற்றவில்லை. உதட்டின் மேல் விரல். தனக்குச் சொன்னாளா, லாரிக்குச் சொன்னாளா தெரியவில்லை. பிறகு வெறுங்காலில் பூனை மாதிரி போய்விட்டாள்.

எவ்வளவு சமத்து என்று நினைத்தேன். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, சனி

நேற்று எழுதவில்லை. சோர்வு.

ராத்திரி ஏழாம் பெட் பெரியவர், இப்போதுதான் தொண்டையிலிருந்த குழாயை எடுத்தோம், முதல் பேச்சே இதுதான்: "சிஸ்டர், இங்க எப்படிம்மா தூங்குறது? ராத்திரி பூரா கீ கீன்னு. நடுவுல நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க." அந்த இரண்டு பேர் ஷீபாவும் நானும். இத்தனை வருடத்தில் நான் போடும் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அலாரங்களின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தோம். முழுசாகக் குறைக்க முடியாது. அது கத்தினால்தான் அவர் பிழைப்பார்.

எவனுடைய பிழைப்போ இன்னொருவனுக்குச் சத்தம். மேஸ்திரிக்கு மிக்சர், வண்டிக்காரனுக்கு ஈருள்ளி. எனக்கு மானிட்டர்.

இன்று பக்கத்துக் கட்டடத்தில் வேலை இல்லை. மேஸ்திரி ஊரில் சாவாம். அமைதியோ அமைதி. ஆனந்தமாகப் படுத்தேன், 9.50. தூக்கம் வரவில்லை! இப்போது ஆரம்பிக்கும், இதோ ஆரம்பிக்கும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. பதினொன்றரைக்குத்தான் கண் மூடியது. மூன்றரை மணி. பி.பி. 148/96.

ஜூலை 13, திங்கள்

நல்ல காற்று. துணி ஒரே மணி நேரத்தில் காய்ந்தது.

யசோவின் ஸ்கூல் டயரியில் மேரி மிஸ் எழுதிய குறிப்பு. பெற்றோர் வந்து பார்க்கவும். குழந்தை பதில் சொல்வதில்லை. தேதி பார்த்தால் இது மூன்றாவது குறிப்பு. முதல் இரண்டையும் கௌதம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"நீ எழுந்தா ஓடிட்டே இருக்கிற. புது ஸ்கூல், கூச்சம், போகப் போக சரியாகும்னு நெனச்சேன். நான் பாத்துக்கறேன். நீ தூங்கு."

நீ தூங்கு. இந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் இதுதான் பதில்.

ஜூலை 14, செவ்வாய்

டியூட்டி முடிந்து நேரே ஸ்கூல். கையில் சாப்பாட்டுப் பை, காலில் வீக்கம்.

மேரி மிஸ் கோபப்படவில்லை. தயங்கித் தயங்கிப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கூல் தொறந்து ஒன்றரை மாசம் ஆச்சு. அவ வாய்ல இருந்து நான் ஒரு சத்தம் கேட்டதில்ல. ரைம்ஸ் சொன்னா உதடு மட்டும் ஆடுது. பக்கத்து பசங்க 'கிவுடி, கிவுடி'ன்னு கூப்பிடுறாங்க. காது டெஸ்ட் பண்ணீங்களா?"

கிவுடி. செவிடி. என் பெண்ணை.

இன்னும் இருந்தது. பெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவாளாம். மிஸ் சேட்டை என்று நினைத்து "தட்டாதே" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு முறை உடையிலேயே போய்விட்டாள். கௌதம் இரண்டு நாள் யூனிஃபாரம் துவைத்துப் போட்டது எதற்கு என்று இப்போது புரிகிறது. ஜூஸ் கொட்டியதாகச் சொன்னார்.

"போன வாரம் ஃபேமிலி பாடம். 'அம்மா எங்கே, அம்மா என்ன செய்வாங்க?'ன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். சமைப்பாங்க, ஆபீஸ் போவாங்கன்னு சொன்னாங்க. இவ இப்படிப் பண்ணா."

மிஸ் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

நான் சிரித்த அதே கை. அங்கேயே சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் நைட் டியூட்டி மிஸ்" என்றேன். வேறு என்ன சொல்வது. வீட்டுக்கு வந்து படுத்தது 10.40. தூங்கவில்லை. எழுப்பியது என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. தெருவில் எல்லாரும் சத்தம் போட்டார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 15, புதன்

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காது பரிசோதனை. கௌதம் யசோவைக் கூட்டி வந்தார். நான் டியூட்டி உடையிலேயே.

சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தினால் உலகமே இல்லை. இத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி இந்த அறையில்தான் இருந்திருக்கிறது. யசோவுக்கு ஹெட்போன் மாட்டுகிற நேரம், சுற்றிலும் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள்.

"அம்மா, இங்க யாரு தூங்குறாங்க?"

யாரும் இல்லை செல்லம் என்றேன். நானும் கிசுகிசுத்துத்தான் சொன்னேன்.

காது சுத்தம். ஈ பறந்தால் கேட்கும் காது. பரிசோதித்த பெண் வெளியே வந்து சொன்னது: "கேக்கறதுல ஒண்ணுமே பிரச்சனை இல்ல சிஸ்டர். வீட்ல பேசுறாளா?"

பேசுகிறாள் என்று வாய் எடுத்தேன். கௌதம் என்னைப் பார்த்தார். எப்போது கடைசியாகச் சத்தமாகப் பேசினாள்? எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 16, வியாழன்

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். ஏன் கையால் பேசப் பழக்கினாய், ஏன் குறிப்பை மறைத்தாய், ஏன் ஜூஸ் என்று பொய் சொன்னாய். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"எங்க வீட்ல அப்பாக்கு காது போச்சு, அதனால கை வந்துச்சு. இங்க உனக்கு தூக்கம் போச்சு, அதனால வந்துச்சு. நான் வேற என்ன பண்ணியிருக்கணும் சொல்லு, வசந்தி. நீ தூங்காம ஒரு ஆளைக் கொன்னுடுவேன்னு பயந்து அழுதியே அன்னிக்கி."

உண்மை. அழுதேன்.

அவர் மேல் தப்பு இல்லை. எழுதும்போது தெரிகிறது. லாரியை நிறுத்த முடியவில்லை. மேஸ்திரியை, வண்டிக்காரனை, ஓனரம்மாவை, யாரையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முடிந்தது ஒன்றே ஒன்று, நாலரை வயது. கைக்கு எட்டிய பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நாலாம் பெட்டில் பார்க்க ஷீபா இருந்தாள்.

டயரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். பத்து நாள். எழுப்பியது கட்டத்தில் டைல்ஸ் ஏழு, மிக்சர் ஆறு, வண்டி எட்டு. யசோ ஒரு முறைகூட இல்லை. அம்மாவை ஒரு நாள்கூட எழுப்பாத குழந்தை உண்டா?

இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்கள். நான் அரைத்திருக்கிறேன்.

ஜூலை 17, வெள்ளி

மூன்று மணிக்கு எழுந்ததும் குக்கர் வைத்து நான்கு விசில் விட்டேன். யசோ பயந்து சமையலறைக்கு ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். குக்கர் வாய்க்கு எட்டவில்லை, என் வாய்தான் எட்டியது.

"பேசு கண்ணு, அம்மா தூங்கல" என்றால் தலையாட்டுகிறாள். சத்தம் வரவில்லை. கெஞ்சினேன். சாக்லேட் காட்டினேன். கிசுகிசு மட்டும்.

நாலு மணிக்கு ஒரு யோசனை. மாடிக்குக் கூட்டிப் போனேன். பக்கத்துக் கட்டடம் இப்போது நம் மாடி உயரத்துக்கு வந்துவிட்டது. மிக்சர் கீழே உருளுகிறது. நான் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. அவள் காதருகே குனிந்து கத்தினேன்: "இங்க யாராலயும் தூங்க முடியாது! கத்தலாம்!"

சந்தேகமாகப் பார்த்தாள். நான் முதலில் கத்தினேன். "ஆ" என்று. வெட்கமாக இருந்தது, பிறகு நன்றாக இருந்தது. பல மாதத்து ஆ. பலகை கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். யசோ வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வந்ததா இல்லையா தெரியவில்லை, அந்த இரைச்சலில். இன்னொரு முறை. இன்னொரு முறை. சிரித்தாள். குதித்தாள்.

அப்போது கீழே மிக்சரை நிறுத்தினார்கள்.

"அம்மா!"

அவள் குரல் மட்டும் தனியாக அந்தத் தெருமேல் நின்றது. கீச்சென்று, கொஞ்சம் கரகரப்பாக, கௌதம் குரல் சாயலில். எனக்குத் தெரியவே தெரியாது, என் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் என்று.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள், யார் எழுந்துவிட்டார்கள் என்று.

மேஸ்திரி அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "இன்னொரு வாட்டி கூப்புடு பாப்பா. எங்களுக்குச் சரியா கேக்கல."

அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அவள் என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கீழே வந்தபின் உட்கார்ந்து அழுதேன். யசோ பக்கத்தில் வந்து என் கன்னத்தில் அவள் கையை வைத்தாள். அம்மா என்கிறாளா, தூங்கு என்கிறாளா? அவளுக்கு இரண்டும் ஒன்றுதானே.

ஜூலை 19, ஞாயிறு

ஆஃப். ராத்திரி தூங்கினேன், மனுஷி மாதிரி. ஆறு மணி நேரம்.

செய்தவை:
காலிங் பெல் மாட்டியாயிற்று. ட்யூன் சகிக்கவில்லை. இருக்கட்டும்.
பரணிலிருந்து பாத்திரச் சாமான் இறங்கியது. யசோ ஒவ்வொன்றாக, முட்டையை வைப்பது போல் தரையில் வைக்கிறாள்.
நாற்காலிக் கால்களின் சாக்ஸ் கழற்றியாயிற்று.
மேரி மிஸ்ஸுக்குக் கடிதம். இரண்டு தட்டு என்றால் பாத்ரூம். தயவுசெய்து கொஞ்ச நாள் அதையும் ஏற்றுக்கொள்ளவும். பின்பக்கத்தில் யசோவின் மொழி முழுவதும், படம் போட்டு.

'அம்மா'வுக்கு மட்டும் படம் போடவில்லை.

ஜூலை 20, திங்கள்

லேசான வெயில். பி.பி. 144/92. டாக்டர் கட்டங்களை ஓட்டிப் பார்த்தார். மாத்திரை எழுதினார். "குறைஞ்சிருக்கு, ஆனா போதாது. பகல் தூக்கம் உனக்கு இந்த வீட்டுல வராது."

இன்சார்ஜ் மேடம் வாயைத் திறக்கும் முன் நானே சொன்னேன். ஆகஸ்டிலிருந்து வார்டு, டே டியூட்டி. மதியம் யசோவுடன் கௌதம் இருப்பார், அவர் ராத்திரி சவாரி கொஞ்சம் ஓட்டுவார், எப்படியோ பார்த்துக்கொள்கிறோம். மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். ஷீபா திரும்பி நின்று ஏதோ மருந்தை அடுக்கினாள். நாலாம் பெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலிக்கத்தான் செய்தது. எட்டு வருடம். வலிக்கவில்லை என்று இந்த டயரியிடம் பொய் சொல்வானேன்.

மாத முடிவு வரை நைட் பாக்கி. டாக்டர் இனி எழுத வேண்டாம் என்றார். பழக்கதோஷம், இன்றையதையும் எழுதிவிடுகிறேன்.

படுத்தது 10.20.
எழுந்தது 12.50.
எழுப்பியது: யசோ. முதலில் கீழே கதவருகே பெல். பிறகு படிக்கட்டிலிருந்தே, செருப்பைக் கழற்றாமல், தொண்டை கிழிய, "ஈருள்ளி, ஈருள்ளி" என்று. பின்னால் கௌதம் "ஷ்" என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது கேட்டது.

மறுபடி படுக்கவில்லை.